எதிர்ப்பக்க நாற்காலி

"இந்தா, டிரைவர்கிட்ட பேசு" என்று அத்தை போனை நீட்டியதோடு போன வாரம் விட்டோம். கடல் தாண்டிய ஒரு ஊரில், பேருந்தின் படியில் நின்றபடி நீட்டினார். டிரைவர் வாங்கினாரோ இல்லையோ, லைன் செத்துப்போனது. அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க எத்தனை தடவை அடித்தாலும் ஒரே பதில்தான்: "நீங்கள் அழைத்த எண் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." அந்தப் பெண் குரல் இவ்வளவு இனிமையாக இருக்க வேண்டாம் என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுமை என்னவென்றால், அந்தக் குரலை வைத்திருக்கிற கம்பெனியில்தான் அவள் வேலை பார்க்கிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம். அத்தை ஊர் சுற்றப் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு, அதாவது நம் மருமகளின் நாத்தனாருக்கு, எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் எகிறி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். இப்போது நடுக்கடலில் இருக்கிறார். குடிபோன வீடும் புதுசு, பக்கத்து வீட்டில் யார் என்றுகூடத் தெரியாது. ஆக அத்தை அங்கே தனி மரம். அந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் இருப்பது பட்டன் வைத்த பழைய போன்.

அதை வைத்துக்கொண்டே அத்தை ஒரு வழி பண்ணியிருந்தார். கடைக்காரரிடமோ நர்ஸிடமோ பேச வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மருமகள் திரும்ப அழைப்பாள். விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத அந்த மனிதரின் காதில் அத்தை போனை அப்படியே வைத்துவிடுவார். மீதியை மருமகள் பார்த்துக்கொள்வாள். கம்பெனி வேலைக்காகக் கற்ற பாஷை அவளுக்கு இப்படிக் கை கொடுத்தது. கல்யாணமான புதிதில் "சரியான வாயாடி" என்று முகத்தைச் சுளித்தவர் இந்த அத்தைதான். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது அந்த வாய்தான் அத்தைக்குக் கண், கால் எல்லாம்.

வெளிநாட்டில் இருந்தாலும் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று சொல்லித்தான் மாமா அத்தையின் போனுக்கு ஒரு ரோமிங் பேக் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதப் பேக். அத்தை போய் இறங்கி அதில் பாதிக் காலம் ஓடிய பிறகு, கம்பெனி சத்தமில்லாமல் சட்டத்தை மாற்றிவிட்டது. இந்த மாதம் பிறந்ததிலிருந்து வருகிற அழைப்புக்கும் நிமிஷக் கணக்கு. தெரிந்தும் மருமகளால் அழைக்காமல் இருக்க முடியவில்லை. பில் வரம்பைத் தாண்டியது, கம்ப்யூட்டர் தானாக லைனை வெட்டியது. வந்திருந்த தொகை அப்படி. மாமா, மகன், மருமகள் மூன்று பேர் சம்பாத்தியத்தையும் சேர்த்து வைத்தாலும் இன்றைக்கு அதைக் கட்ட வழியில்லை. பாதி கட்டுகிறோம் என்றால் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்றது.

விடிந்ததும் நாத்தனாரிடமிருந்து மெசேஜ் வந்தது. "அண்ணி, அம்மா நேத்து சாயங்காலம் வரவே இல்ல. போனும் போகல. என்ன ஆச்சு? நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

மருமகள் அதைப் படித்துவிட்டு மாமாவிடம் நீட்டினாள். அத்தை எங்கே என்று இங்கே யாருக்குத் தெரியும்? பேருந்தில் ஏறினாரா, நடுவழியில் இறக்கிவிட்டார்களா, வீடு போய்ச் சேர்ந்தாரா? அதை அப்படியே எழுதினால் அங்கே ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும்? கணவன் வேனைக் கிளப்பாமல் வாசலிலேயே நின்றான். சரக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஜலதோஷம்னு எழுதும்மா" என்றார் மாமா. "தும்மிக்கிட்டு வந்தா உள்ள விடமாட்டாங்கன்னு வீட்டுல இருக்கா, போன் கீழ விழுந்து உடைஞ்சுடுச்சுன்னு எழுது."

வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அவர் வாயிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக ஒரு பொய் வந்ததைப் பார்த்துத்தான் மருமகளுக்குப் பயம் அதிகமானது. எழுதி அனுப்பினாள்.

மாமா பூட்டுக்காரர். சந்தை வாசலில், ஒரு குடை விரித்தால் நிறைந்துவிடுகிற அளவுக்கு ஒரு கடை. பூட்டு ரிப்பேர், சாவி போடுவது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதற்கு எங்கே பூட்டு மாட்டலாம் என்றுதான் யோசிப்பார். ஆபீஸ் பிரிட்ஜில் வைத்த சாப்பாட்டை யாரோ எடுத்துத் தின்றுவிடுகிறார்கள் என்று மருமகள் ஒருநாள் புலம்பினாள். மறுநாளே அவள் டிபன் பாக்ஸில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு ஏறிவிட்டது. வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில் தன் டிபன் பாக்ஸுக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். அவருடைய சாப்பாட்டை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்டால் பூட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வார். ஆபீஸில் அந்தப் பூட்டைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சாப்பாடும் காணாமல் போகவில்லை.

அன்றைக்கு மாமா கடையைத் திறக்கப் போகவில்லை. சலவைச் சட்டையை எடுத்து மாட்டினார். தானே கம்பெனிக்கு வந்து கேட்கப் போவதாகச் சொன்னார். மருமகள் வேண்டாம் என்றாள். மேனேஜரிடம் தான் நேரிலேயே பேசிவிடுவதாகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. சொந்தக்காரர்களின் கணக்கில் கை வைத்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொன்னதே அவள்தான். மச்சானுடைய பில்லைக் குறைத்துப் போட்ட ஒருவனைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இவளுக்கோ வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரம்.

"அங்க என்னைப் பார்த்தா நீ யாரோ, நான் யாரோ" என்றார் மாமா. "புரியுதா? வாயைத் திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்கறதுதான் மாமா எனக்கு வேலையே" என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆபீஸில் கால் வைத்ததும் நேராக மேனேஜர் அறைக்குத்தான் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மீட்டிங். எதைப் பற்றி என்று கேட்டால், ரோமிங் கட்டண மாற்றத்தைப் பற்றித்தான். அத்தனை புகார்கள் குவிந்திருந்தன. மேனேஜர் அம்மாவை மீட்டிங்கின் நடுவில் கூப்பிட்ட ஆள் இதுவரை இந்த ஆபீஸில் பிறக்கவில்லை. கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை இமைக்காமல் பார்க்கிற பெண்மணி. சொல்லி முடித்ததும் பெரும்பாலும் "முடியாது" என்பார்.

மருமகள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடையது உள் மேசை. வெளியே கவுண்டரில் சமாதானமாகாதவர்களை இங்கே அனுப்புவார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தது: "விதிமுறைகள் மாற்றத்திற்கு உட்பட்டவை." இந்த மாதம் பிறந்ததிலிருந்து அதை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பாள்! மகனோடு தினமும் பேசிவந்த ஒரு பெரியவர், அதைக் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே அவன்கிட்ட பேசக் கூடாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் அவள் அதே வாக்கியத்தைத்தான் படித்தாள். இன்றைக்கு அந்த எழுத்துகளைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் தாண்டிய பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சலவைச் சட்டை தெரிந்தது. மாமா டோக்கன் எடுத்தார். கையில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். முறை வந்ததும் எழுந்து போனார். கவுண்டரில் இருந்த இளைஞன் தலையை ஆட்டினான். மாமா ஏதோ சொன்னார். அவன் மறுபடியும் ஆட்டினான். மாமா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவன் கையைக் காட்டினான். காட்டிய திசையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"வணக்கம் மேடம்" என்றார்.

மேடமாம். காலையில் "குடையை எடுத்துக்கோடி கண்ணு" என்று தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டு வந்த மனிதர்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

மனைவியின் எண் தன் பெயரில் இருப்பதையும், பேக் வாங்கிய நாளில் கவுண்டர் பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டதையும் மாமா ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். வழியிலெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவள் எண்ணைத் தட்டினாள். திரையில் கணக்கு திறந்தது. வீட்டு முகவரி அவளுடையது. இதற்கு மேல் ஒரு பொத்தானைத் தொட்டாலும் தப்பு. தொடாவிட்டால் அத்தை எங்கே என்று தெரியப் போவதில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக் கதவு திறந்தது. அந்த அம்மா வெளியே வந்து, கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக இந்த மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்.

மாமாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தான் யாரோதான் என்று காட்டிக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் ஆபீஸில் என்ன செய்வார்? காகிதத்தை எடுப்பார். பையில் கையை விட்டு, பேக் வாங்கிய ரசீதைத் தேடினார். ரசீது அடியில் கிடந்தது. மேலே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடிக் கூடு, துண்டு, தண்ணீர் பாட்டில். கடைசியாக டிபன் பாக்ஸ். அதன் விளிம்பில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு.

மேனேஜர் அம்மா பூட்டைப் பார்த்தார். மேசையின் இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்கு அருகில் மருமகளின் டிபன் பாக்ஸ் இருந்தது. அதையும் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தடவை இரண்டையும் பார்த்தார்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"யாரை? இவங்களையா? தெரியாதுங்க" என்றார் மாமா. அதோடு விட்டாரா? "இப்பதான் முதல் தடவையா பார்க்கிறேன். பொறுமையான பொண்ணாத் தெரியுது. வீட்டுலயும் நல்லபடியாத்தான் நடந்துக்கும்."

மருமகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"மேடம், இவர் என் மாமனார். இது என் மாமியாரோட நம்பர். நான் எண்ணைத் தட்டிக் கணக்கைத் திறந்தேன், வேற எதையும் தொடல. காலையிலயே உங்ககிட்ட சொல்ல வந்தேன், கதவு சாத்தியிருந்துச்சு."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவர் முகம் சொன்னது.

மேனேஜர் அம்மா இமைக்காமல் பார்த்தார். மருமகள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். மேசையின்மேல் வைத்தாள்.

"எனக்கு இப்போதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் லீவு வேணும் மேடம்" என்றாள். "நான் அந்தப் பக்கம் உட்காரணும்."

யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், மாமாவுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்கு எதிரில் இருந்தவள், அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்காரும் இடம் தாழ்ந்திருந்தது. எதிரில் இருப்பவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இப்படியா இத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தாள்.

மேனேஜர் அம்மா மருமகளின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உள் மேசையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆபீஸே வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு இந்தப் பக்கம் காதை வைத்திருந்தது.

"கட்டண மாற்றத்தைப் பத்தி மெசேஜ் அனுப்பியிருக்கோம். பார்க்கலையா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"அது அவ போனுக்கு வந்திருக்கும்" என்றார் மாமா. "வந்தாலும் அவ திறக்க மாட்டா. பேர் தெரியாத ஆள்கிட்ட இருந்து வந்ததைப் பிரிச்சுப் படிக்கிறது, அடுத்தவங்க கடுதாசியைப் படிக்கிற மாதிரின்னு அவ நினைப்பு. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

மேனேஜர் அம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பாக இருக்காது என்று மருமகள் முடிவு செய்துகொண்டாள்.

இனி அவள் முறை. வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு அன்றைக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. பேக் வாங்கியது மாற்றத்துக்கு முன்னால். மூன்று மாதத்துக்கும் பணம் அன்றைக்கே கட்டியாகிவிட்டது. வரும் அழைப்பு இலவசம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. மாமா கடைசியில் தேடி எடுத்த அந்த ரசீதை மேசைமேல் தள்ளினாள்.

"படிச்சிருந்தாலும் அத்தை என்ன பண்ணியிருக்க முடியும் மேடம்? டிக்கெட் வாங்கி ஏறின பஸ்ஸை நடுவழியில நிறுத்தி, டிக்கெட் விலை ஏறிடுச்சு, முன்னாடியே பலகையில எழுதிப் போட்டிருந்தோம்னு சொன்னா எப்படி? இறங்கவும் முடியாது, போகவும் முடியாது. மாற்றத்துக்கு அப்புறம் வாங்கினவங்களுக்கு அது சரி. முன்னாடி வாங்கினவங்களுக்கு அந்தப் பேக் முடியுற வரைக்கும் பழைய பேச்சுதான் செல்லணும்."

"அதை முடிவு பண்றது நீங்களோ நானோ இல்ல. குழு இருக்கு."

"தெரியும் மேடம். குழு முடிவு பண்ணட்டும். ஆனா இந்தத் தொகையை நாங்க ஒத்துக்கல, தகராறு இருக்குன்னு எழுதிக்குங்க. தகராறு இருக்கிற தொகைக்காக லைனை வெட்டி வைக்கக் கூடாதுன்னு நம்ம விதியிலேயே இருக்கு. கவுண்டர்ல யாரும் அதைத் தானா சொல்றதில்ல. கேட்டவங்களுக்கு மட்டும்தான். நான் இப்போ கேட்கிறேன்."

'நம்ம' என்ற வார்த்தை எந்தப் பக்கத்து ஆளாகச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை.

மேனேஜர் அம்மா பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "உங்க மாமியார் எங்க இருக்காங்க?" என்றார்.

"தெரியலைங்க" என்றார் மாமா. அதுவரை இருந்த குரல் இல்லை அது. "நேத்து சாயங்காலத்துல இருந்து தெரியல. என் பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவளுக்கு அம்மாவைக் காணோம்னு தெரியாது. பொய் சொல்லி வெச்சிருக்கோம். பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாங்க. அவ குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அப்படிப் பிடித்ததில்லை.

மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். தன் பெயரில் உள்ளே நுழைந்தார். தட்டினார், படித்தார், மறுபடி தட்டினார். பிறகு யாருக்கோ போன் போட்டு, இந்த எண்ணை ரோமிங்கில் உடனே திறக்க வேண்டும் என்றார். நாளைக்கு ஆகும் என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"தள்ளுபடின்னு நான் சொல்லல" என்றார் மருமகளிடம். "விசாரணை நடக்கும். கணக்கைத் திறந்ததுக்கு நீ எனக்கு விளக்கம் எழுதித் தரணும். அது வேற." திரையை இன்னொரு தடவை பார்த்தார். "இந்த மாதிரி முன்னாடியே பேக் வாங்கினவங்க, உன் மேசைக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"நிறைய பேர் மேடம். எல்லாருக்கும் அந்த ஒரு வரியைத்தான் படிச்சேன்."

மேனேஜர் அம்மா கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆபீஸ் மூடும் நேரமும் வந்துவிட்டது. கூட்டம் கரைந்தது. கவுண்டர் இளைஞன் பையை மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மருமகள் அடித்துப் பார்த்தாள், அந்த இனிமையான குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து அடித்தாள், மறுபடி அதே குரல். மாமா சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது தடவை அடித்தபோது ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"எங்கடி போயிட்டீங்க எல்லாரும்?" என்றார் அத்தை.

தொலைந்து போனது என்னவோ இவர்கள்தான் என்பது போலக் கேட்டார். மருமகளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். மாமா குனிந்து போனிடம், "சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றார் அத்தை. நேற்று போன் செத்ததும் பயந்துபோய்ப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கே திரும்பிவிட்டாராம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். விடிந்ததும், எத்தனை நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பது என்று ஒரு வேகம் வந்ததாம். பேருந்து போகிற சாலை பழகியதுதானே. ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். செருப்பு அறுந்துவிட்டது என்பதை மட்டும் வருத்தமாகச் சொன்னார்.

"அத்தை, அவ எப்படி இருக்கா?" என்றாள் மருமகள்.

அத்தை குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குன்னுதானே சொன்னாங்க. மத்தியானத்துக்கு மேல நான் வந்து சேர்ந்தப்பவே அழுத்தம் ரொம்ப ஏறியிருந்துச்சு. இப்பவே பண்ணணும்னு தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. போகும்போது அவளே சொன்னா, 'அம்மா, பயப்படாத, இங்கயே உட்காரு'ன்னு. உட்கார்ந்திருக்கேன். கதவு சாத்தியிருக்கு. எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியல." பிறகு திடீரென்று நினைவு வந்தவராக, "ஐயையோ, இதுக்கும் காசு ஏறுமே. வெச்சுடறேன்."

"வைக்காதீங்கம்மா" என்றார் மேனேஜர் அம்மா.

"இது யாரு?"

"கம்பெனிக்காரங்க" என்றார் மாமா.

"ஏறினா ஏறட்டும்மா. அது என் தலைவலி" என்றார் மேனேஜர் அம்மா. "நீங்க போனை வைக்காதீங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

காவலாளி ஷட்டரை இறக்க வந்தார். மேனேஜர் அம்மா கையைக் காட்ட, பாதியிலேயே நிறுத்தினார். இளைஞன் பையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். போனில் ஒரு நடைக்கூடத்துச் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. சக்கர வண்டி ஒன்று உருண்டு போனது, எங்கோ யாரோ இருமினார்கள். நடுநடுவே அத்தை, "இருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கோம் என்று ஒவ்வொரு தடவையும் எல்லாரும் சொன்னார்கள்.

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது போனில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஒன்று கிட்டே வந்து நின்றது. ஒரு பெண் குரல் அந்த ஊர் பாஷையில் ஏதோ கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. குரல் மறுபடியும் அதையே கேட்டது.

"யாரையோ கூப்பிடறாங்க" என்று அத்தை கிசுகிசுத்தார். "யாருன்னு தெரியல. யாரும் எழுந்திருக்கக் காணோம்."

மருமகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அத்தை, எழுந்திருங்க" என்றாள். "பாட்டி யாருன்னு கேட்கறாங்க. உங்களைத்தான்."